5 வயசு பையனுக்கு புடசோனைடு இன்ஹேலர் தினமும் குடுக்க சொல்லியிருக்காங்க, ஸ்டீராய்டுன்னு மாமியார் வேண்டாங்கறாங்க, என்ன பண்றது?

மாமியார் வேண்டாங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் போடறேன். இல்லைனா மருந்து கேள்விக்கெல்லாம் நான் வாயே திறக்கறதில்ல, உடனே நாலு பேரு "நீங்க என்ன டாக்டரா"ன்னு வந்துருவாங்க. நான் டாக்டர் இல்லீங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். என் பொண்ணுக்கு நாலு வயசுல இருந்து வீசிங், இப்ப ஏழாவது படிக்கறா, இத்தனை வருஷமா அவளுக்கு இதே மருந்துதான். அந்த அனுபவத்துல சொல்றேன், டோஸ் எவ்ளோ, எப்ப குறைக்கறதுங்கறதெல்லாம் உங்க டாக்டர்தான் சொல்லணும்.

உங்க வீட்டு நிலவரம் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். பையன் விடியக்காலைல இருமறான், சளி புடிச்சா நெஞ்சுல விசில் சத்தம், நெபுலைசர் வைக்க ஓடறீங்க, அஞ்சு நாள் சிரப் குடுத்ததும் சரியாகுது, அடுத்த மாசம் மறுபடி முதல்ல இருந்து. சரிதானே? அந்த சிரப் பாட்டில் இன்னும் வீட்ல இருந்தா எடுத்து பாருங்க. ப்ரெட்னிசலோன்னு போட்டிருந்தா அதுவும் ஸ்டீராய்டுதான். அதுக்கு யாரும் சண்டை போட்டிருக்க மாட்டாங்க. ஸ்பூன்ல ஊத்துனா மருந்து, வாயில வச்சு இழுத்தா கெட்ட பழக்கம், நம்ம ஆளுங்க கணக்கு அது.

எங்க வீட்ல நடந்தது இது. அப்ப குடியிருந்த வீட்டுக்கு கீழயே ஓவர்லாக் மெஷின் ஓடும், பஞ்சு பறந்து ஜன்னல் கம்பியெல்லாம் படிஞ்சு கெடக்கும். மார்கழி பனி, போகி புகைன்னு ஏதாவது ஒண்ணு வந்தா போதும், பாப்பாவுக்கு இழுக்க ஆரம்பிச்சிரும். ஒரு தீபாவளி ராத்திரி பட்டாசு புகைல உதடு நிறம் மாறி, ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சு, ஊசி போட்டு, ரெண்டு நாள் கழிச்சுதான் கூட்டிட்டு வந்தோம். வர்றப்ப டாக்டரம்மா எழுதி குடுத்ததுதான் புடசோனைடு 100 மைக்ரோகிராம், காலைல ஒரு பஃப், ராத்திரி ஒரு பஃப், மாஸ்க் வச்ச ஸ்பேசரோட (இன்ஹேலர்ல மாட்டி, அதுக்குள்ள மருந்தை அடிச்சு நிதானமா இழுக்கற குழாய்).

வீட்டுக்கு வந்து பையை பிரிக்கறதுக்குள்ள அத்தை ஆரம்பிச்சுட்டாங்க. பொட்டப்புள்ளைக்கு இந்த வயசுலயே மெஷினா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்லுவ, அது ஒரு தடவை வச்சா விடவே முடியாதாமே. மாமாவோட அண்ணன் வேற, ஹைதராபாத்ல ஜூன் மாசம் மிருகசீரிஷத்தப்ப விரால் குஞ்சு வாயில மருந்து வச்சு உசுரோட முழுங்க குடுப்பாங்களே, அதுக்கு போயிட்டு வந்துரலாம்னு சொன்னாரு. நாங்க கவுச்சி சாப்பிடறதில்லைனு சொன்னா வெல்லத்துல வச்சும் தருவாங்களாம், அதுக்கும் பதில் ரெடியா வச்சிருந்தாரு. நான் சொன்னது ஒண்ணுதான், "பொண்ணு ஒழுங்கா மூச்சு விட்டாத்தானுங்க மாமா கல்யாணமே". அதுக்கப்புறம் ஒரு மாசம் என்கிட்ட யாரும் சரியா பேசல. பரவாயில்லைனு விட்டுட்டேன், ரெண்டு வேளையும் நானே எந்திரிச்சு குடுத்தேன்.

நான் தைரியமா நின்னதுக்கு காரணம் அந்த டாக்டரம்மா போட்டு காட்டுன கணக்கு. ஆஸ்பத்திரில இருந்தப்பவும் வீட்டுக்கு வந்தப்பறமும் சேர்த்து அஞ்சு நாள் வாய் வழியா குடுத்தது நாளைக்கு 20 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன், ஆக மொத்தம் 100 மில்லிகிராம். பஃப்ல போறது ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மில்லிகிராம். எடைக்கு எடை பாத்தா அந்த அஞ்சு நாள் சிரப்பு 500 நாள் பஃப்புக்கு சமம். ரெண்டும் ஒரே வீரியம் இல்ல, புடசோனைடு பட்ட இடத்துல வேகம் ஜாஸ்தி, அதனால இப்படி நேரா வகுக்க கூடாதுன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, தெரியும், அவங்களே அதை சொல்லிட்டுதான் கணக்கு போட்டாங்க. விஷயம் என்னன்னா சிரப் உடம்பு முழுக்க சுத்திட்டுதான் நெஞ்சுக்கு வருது, பஃப் வீக்கம் இருக்கற மூச்சுக்குழாய்க்கு நேரா போகுது. தொண்டைல ஒட்டி வயித்துக்குள்ள போற கொஞ்சத்தையும் ஈரல் முதல் சுத்துலயே கிட்டத்தட்ட 90 சதவீதம் அழிச்சிருது. நுரையீரல் வழியா கொஞ்சம் ரத்தத்துல சேரத்தான் செய்யும், சுத்தமா ஒண்ணும் சேராதுன்னு யாரும் சொல்லல. ஜிம்முக்கு போறவங்க உடம்பு ஏத்த போட்டுக்கற ஸ்டீராய்டு இது இல்ல, அது வேற ஜாதி.

உயரம் குறையுமான்னு கேப்பாங்க, கேட்டிருப்பாங்க. குறையும், ஆனா எவ்ளோன்னு கேளுங்க. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 5ல இருந்து 12 வயசு வரைக்கும் இருந்த 1041 பிள்ளைங்களை வச்சு பெரிய ஆராய்ச்சி பண்ணி 2000ல முடிவு வெளியிட்டாங்க, கொஞ்ச பேருக்கு தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு, கொஞ்ச பேருக்கு மருந்தே இல்லாத டம்மி பஃப். அந்த பிள்ளைங்க வளந்து பெரியவங்களானப்பறம் மறுபடி அளந்து 2012ல போட்டாங்க, வித்தியாசம் சராசரியா 1.2 சென்டிமீட்டர். ராத்திரி தூங்காம, ஸ்கூல் லீவு போட்டு, சாப்பாடு இறங்காம இருக்கற பிள்ளை எவ்ளோ வளரும்னு எதிர்க்கேள்வி கேட்டா அத்தை கிட்ட பதில் இல்ல. என் பொண்ணு இப்ப என் தோளுக்கு மேல. 400 மீட்டர் ஓடறா, ஸ்கூல் டீம்ல இருக்கா. பீத்திக்கறேன்னு நினைச்சுக்கோங்க, எனக்கு கவலை இல்ல.

இன்னொண்ணு, இது ஏதோ நேத்து வந்த மருந்து இல்ல. 1980களோட ஆரம்பத்துல ஸ்வீடன்காரங்க கொண்டு வந்தது. மூக்கு அலர்ஜிக்கு ஸ்ப்ரே இதே மருந்து, எங்க வீட்டுக்காரரு தும்மலுக்கு அடிச்சுக்கறது அதுதான், அதுக்கு அத்தை வாய் திறந்ததே இல்ல, மகனாச்சே. குடலுக்கும் இதே மருந்துன்னு என் தம்பி மூலமாத்தான் தெரிஞ்சுது. அவனுக்கு குரோன்ஸ் நோய், சிறுகுடல் முடியற இடத்துல புண். முதல்ல குடல் டிபியா இருக்குமோன்னு அதுக்கு டெஸ்ட் மேல டெஸ்ட், நம்ம ஊர்ல ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்கறதால அப்படித்தான் பாப்பாங்களாம். முதல் தடவை ப்ரெட்னிசலோன் குடுத்தாங்க, மூஞ்சி பூசணிக்காய் மாதிரி உப்பி, அவன் ரிசப்ஷன் போட்டோல அவனையே எங்களுக்கு அடையாளம் தெரியல. அடுத்த தடவை வேற டாக்டர் புடசோனைடு கேப்சூல், 9 மில்லிகிராம், காலைல. வயித்துல கரையாம தாண்டி போய் சிறுகுடலோட கடைசிலதான் உள்ள இருக்கற மணி மணியான மருந்து கரையற மாதிரி மேல பூச்சு வச்சிருக்காங்க, அதனால மென்னு சாப்பிட கூடாது. ரெண்டு மாசம் முழு டோஸ், அப்பறம் படிப்படியா குறைச்சு நிறுத்திட்டாங்க. 9 மில்லிகிராம்னா என் பொண்ணோட 45 நாள் மருந்து அவனுக்கு ஒரு வேளை, ஆனா மூஞ்சி உப்பல, மேல சொன்ன அதே ஈரல் சமாச்சாரம்தான்.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன். 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. ஆக்ஸ்ஃபோர்டுல இந்த மருந்தை ஆரம்பத்துலயே இழுத்தவங்களுக்கு நோய் முத்தறது குறையுதுன்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நம்ம மத்திய அரசு வழிகாட்டுதல்லயே லேசான கொரோனாவுக்கு அஞ்சு நாள் தாண்டியும் காய்ச்சல் இருமல் போகலைனா 800 மைக்ரோகிராம் ரெண்டு வேளை, அஞ்சு நாளைக்குன்னு போட்டாங்க. அவ்ளோதான், வாட்ஸ்அப்ல பரவி, திருப்பூர்ல எந்த கடைலயும் இன்ஹேலர் இல்ல. வருஷக்கணக்கா எடுத்துக்கற பிள்ளைங்களுக்கு இல்ல. நான் அவிநாசி, பல்லடம்னு தெரிஞ்ச மெடிக்கலுக்கெல்லாம் போன் போட்டு அலைஞ்சிட்டிருக்கேன், அப்ப போன் வருது. அதே பெரிய மாமா. "ஏம்மா, பாப்பாவோட அந்த பஃப் எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்குதா? எதுக்கும் வீட்ல இருக்கட்டும்னுதான்." அவருக்கு காய்ச்சல்கூட இல்ல! அதுவும் அந்த டோஸ் பாப்பா ஒரு நாளைக்கு எடுக்கறதை விட எட்டு மடங்கு. இல்லீங்க மாமான்னு வச்சிட்டேன். ஒண்ணு இருந்துச்சு, குடுக்கல. இதை படிச்சிட்டு ஆபத்துக்கு உதவாதவள்னு எழுதறவங்க தாராளமா எழுதிக்கோங்க.

சம்பந்தமில்லாம ஒண்ணு, சொல்லலைனா எனக்கு ஆறாது. குழந்தை டாக்டர் கிளினிக்ல டோக்கன் போட்டு, மூச்சு வாங்கற பிள்ளைய மடில வச்சிட்டு உக்காந்திருக்கோம், டை கட்டிட்டு பேக் மாட்டிட்டு மெடிக்கல் ரெப்புங்க மூணு பேரு நேரா உள்ள போறாங்க. அவங்களுக்கு டோக்கன் கிடையாது. கேட்டா ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு "அஞ்சே நிமிஷம்கா"ங்கறா. அவங்களும் வயித்துப் பொழப்புக்குத்தான் வராங்க, வெயில்ல பைக்ல சுத்தறாங்க, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கி, எல்லா பேஷண்டும் போனப்பறம் பாக்க மாட்டாங்களா இந்த டாக்டருங்க? உள்ள போனா நமக்கு மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷத்துல இன்ஹேலர் எப்படி புடிக்கறதுன்னு யாரு செஞ்சு காட்டுவா? நீங்களே கேட்டு, உங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்ட சொல்லுங்க. என் கூட வேலை செய்யறவரோட அப்பா, ரோட்டாகேப்புன்னு மெஷின்ல போட்டு இழுக்கற கேப்சூலை தண்ணி ஊத்தி முழுங்கிட்டே இருந்திருக்காரு, கடைல மெஷினும் குடுக்கல, சொல்லவும் இல்ல.

சரி, நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா இதெல்லாம் மனசுல வச்சுக்கோங்க. குடுத்த உடனே ஒண்ணும் தெரியாது, வித்தியாசம் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். மூச்சு முட்டற நேரத்துக்கு இது உதவாது, அதுக்கு சால்புட்டமால் பஃப் தனியா கையில இருக்கணும், அதுலயும் அடங்கலைனா ஆஸ்பத்திரிதான், இங்க வந்து கேள்வி கேட்டுட்டு இருக்காதீங்க. இருமல் நின்னுருச்சேன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, ஒரு மூணு மாசம் நல்லா இருந்தா டாக்டரே டோஸை குறைக்க பாப்பாங்க. குடுத்ததும் வாய் கொப்பளிச்சு துப்ப சொல்லணும், இல்லைனா நாக்குல வெள்ளையா பூஞ்சை படியும், குரல் கம்மும். மாஸ்க் வைக்கறதால மூஞ்சியும் துடைச்சு விடுங்க. ஒரு பஃப் அடிச்சு அஞ்சாறு மூச்சு நிதானமா இழுத்தப்பறம்தான் அடுத்த பஃப். டப்பால பெரும்பாலும் 200 பஃப்னு போட்டிருக்கும், நாளைக்கு ரெண்டுன்னா எந்த தேதில தீரும்னு மேலயே எழுதி ஒட்டிருங்க, ஏன்னா மருந்து தீர்ந்தப்பறமும் புஸ்ஸுன்னு காத்து வரும், நாம மருந்து போகுதுன்னு நினைச்சிட்டிருப்போம். ஒண்ணும் எழுதாத டப்பால வர்ற ஆஸ்துமா பொடி எதையும் யாரு குடுத்தாலும் வாங்காதீங்க, அதுல ஸ்டீராய்டு மாத்திரையவே அரைச்சு கலக்கறவங்க இருக்காங்க, எவ்ளோன்னு கலக்கறவனுக்கே தெரியாது.

ஸ்பேசரை சோப்பு தண்ணில அலசி அப்படியே காய விடுங்க, துணி போட்டு துடைச்சா மருந்து உள்பக்கம் ஒட்டிக்கும். மாஸ்க் வாங்கறப்ப பையனை கூடவே கூட்டிட்டு போய் மூக்கும் வாயும் இடைவெளி இல்லாம மூடுதான்னு வச்சு பாத்து வாங்குங்க, எங்க ஊர் கடைல சின்ன சைஸ் தீர்ந்து போச்சுன்னு பெரியவங்க மாஸ்க்கை தலைல கட்ட பாத்தாங்க.