வளையின் வாயை அடைத்தால் வரம்பு நிற்குமா?

கேள்வி: கிளிநொச்சி அக்கராயன் பக்கம் வயல். இரவு கட்டின தண்ணீர் விடியப் பார்த்தால் பக்கத்து வயலில் நிற்கிறது. வரம்பு முழுக்க எலி வளை. களி பூசி அடைத்தும் பயனில்லை. கரண்ட் கம்பி இழுக்கலாமா?

பதில்: கம்பி வேண்டவே வேண்டாம். இரவில் தண்ணீர் பார்க்க வருகிற ஆள்தான் அதில் மாட்டுவார்.

வளை நண்டுடையதா, வரம்பைத் தோண்டும் வயல் எலியான அகழானுடையதா என்று முதலில் பாருங்கள். நண்டு வளையின் வாயில் சேற்று உருண்டைகள் கிடக்கும். அகழான் உதிரி மண்ணை வெளியே குவிக்கும், உள்ளே இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்தும் வைக்கும். சந்தேகமென்றால் பின்னேரம் எல்லா வளையையும் மிதித்து மூடுங்கள். காலையில் திறந்து கிடப்பதில் குடியிருப்பு உண்டு.

வயலில் தண்ணீர் நின்றாலும் அகழான் ஓடிவிடாது. நன்றாக நீந்தும். தண்ணீர் ஏற ஏற, காய்ந்த மண் தேடி வரம்புக்குத்தான் வரும். அகலித்து உயர்ந்த வரம்பென்றால் இன்னும் வசதி. உள் வரம்புகளை ஓரடிக்கு மேல் உயர்த்தாதீர்கள், புல்லையும் செருக்கிவிடுங்கள்.

நீங்கள் அடைத்தது வாயை மட்டும். உள்ளே சுரங்கம் அப்படியே இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போக, மேல்மண் ஒருநாள் பொத்தென்று உள்ளே இறங்கும். சுரங்கம் போகிற வழியே மண்வெட்டியால் கடைசிவரை திறந்து, ஈரக்களியை அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். கையை விட்டுத் துழாவ வேண்டாம், பாம்பும் இருக்கலாம்.

இதைக் குடலைப் பருவத்துக்கு (கதிர் தண்டுக்குள் பொதிந்திருக்கும் பருவம்) முன்பே, அயல் வயல்காரரோடு சேர்ந்து முடியுங்கள். கதிர் வந்தால் குட்டி பெருகும். சினைக்காலம் மூன்று கிழமைதான். தனி ஒருவர் மருந்து வைத்தால் அடுத்த வயலிலிருந்து வந்து குடியேறும். செத்த எலியைத் தின்கிற ஆந்தைக்கும் நாய்க்கும்தான் கேடு. ஆந்தை உட்கார வயலில் தடி நடுவது எனக்குப் பிடித்த வழி, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

குளக்கட்டில் வளை கண்டால் நீங்களாக வெட்டாதீர்கள். நெதர்லாந்தில் கஸ்தூரி எலி அணைகளைத் துளைக்கிறதென்று சம்பளத்துக்குப் பிடிகாரரே வைத்திருக்கிறார்கள். கட்டின் வெளிப்புறம் தெளிந்த கசிவு என்றால் கவனியுங்கள். கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் அரிகிறது, அன்றைக்கே கமக்காரர் அமைப்புக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

அப்புறம் எலிக்காய்ச்சல். காலில் புண்ணோடு வயலில் இறங்காதீர்கள். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், வயலில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.