குடும்பத்தோடு வேனிலேயே தங்கி ஊர் சுற்றும்போது இரவில் பாதுகாப்பாக இருப்பது எப்படி?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் கட்டில் போட்டிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் மனைவி, எட்டு வயது மகளோடு நீலகிரி, மைசூர், குடகு என்று ஒரு மாதம் அதிலேயே தங்கிச் சுற்றப் போகிறீர்கள். இரவில் திருடன் வந்தால், யானை வந்தால் என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

நானும் என் மனைவியும் ஏழு மாதம் இப்படி வண்டியில் வாழ்ந்தோம். திருடனுக்கும் யானைக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஏழு மாதத்தில் எங்கள் உயிருக்கு ஆபத்து வந்தது ஒரே ஒரு இரவுதான். அன்றைக்கு வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

ஊட்டிப் பக்கம், ஜனவரி மாதம். தெரிந்தவர் ஒருவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், அப்படி ஒரு குளிர். ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் துண்டைச் செருகி, ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சிறு தீயில் விட்டால் கதகதப்பாக இருக்குமே என்று நான்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி, "தலை கிறுகிறுன்னு வருதுங்க" என்றாள். மலைப்பாதையில் வந்த தலைச்சுற்றல் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கும் நெற்றிப் பொட்டில் வலி. தைலம் எடுக்க எழுந்தால் முழங்கால் பஞ்சு மாதிரி இருந்தது. தைலப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கணம் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. குமட்டிக்கொண்டு வந்ததால் அவள் கதவை இழுத்துத் திறந்தாள், அதனால் பிழைத்தோம். படியில் போர்வையோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் குளிர்க்காற்றை இழுத்த பிறகுதான் தலை தெளிந்தது.

அது கார்பன் மோனாக்சைடு. மூடிய இடத்தில் தீ எரிய எரிய ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் எரிவாயு முழுசாக எரியாது, இந்த வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரில் வருகிற கேஸ் நாற்றம் கசிவைக் கண்டுபிடிக்கச் சேர்த்தது. எரிந்த பிறகு வருகிற இந்த வாயுவுக்கு அது உதவாது. வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், வெளியே போனதும் குறைந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள். எல்லோரையும் வெளியே இறக்கிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நாங்கள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அது தப்பு.

2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைக்குப் பக்கத்தில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகைதான் உள்ளே ஏறியிருந்தது. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

நீங்கள் போவது கோடையில். ஊட்டியில் அடுப்பை எரிய விடும் ஆசை வராவிட்டாலும், மைசூர் வெக்கையில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கும் ஆசை கட்டாயம் வரும். செய்யாதீர்கள். பழைய வண்டியில் சைலன்சர் குழாய் எங்கே விரிசல் விட்டிருக்கிறது, தரையில் எந்த ஓட்டை திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏசிக்குப் பதில் தனியாக ஒரு பேட்டரி வைத்து 12 வோல்ட் மின்விசிறி மாட்டுங்கள். 25 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 250 வாட் ஹவர்தான் ஆகும். 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் (12 வோல்ட்டில் சுமார் 1,200 வாட் ஹவர்) நாலைந்து இரவு தாங்கும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கிறதா என்று மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைக் கொசுவலை அடித்து இரண்டு விரற்கடை திறந்தே வையுங்கள். சமையல் முடிந்தவரை வெளியே, மழை பெய்தால் கதவைத் திறந்து வைத்து.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியில் ஈஎன் 50291-2 என்று போட்டிருந்தால் அது கேரவன், படகு மாதிரி இடங்களுக்கான தரம். இந்த வாயு காற்றோடு கலந்து நிற்கும் என்பதால் தலையணைக்குப் பக்கத்தில், படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் அப்படியில்லை. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். அதனால் கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் நிற்கிற பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற துளையும் வேண்டும். சிலிண்டரைப் படுக்கப் போடவே கூடாது. சாலையோரக் கடையில் நிரப்பித் தருகிற குட்டி சிலிண்டர் வேண்டாம், எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன. தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் கதவோரம் மாட்டுங்கள். தீப்பிடித்தால் அடுப்பைத் தாண்டிப் போய் அதை எடுக்க முடியாது.

அடுத்தது, எங்கே நிறுத்துவது. நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தித் தூங்காதீர்கள், பத்து நிமிடம்கூட. விடிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கண் அசந்து ஓட்டுகிற லாரி, நிற்கிற வண்டியின் பின்னால்தான் வந்து மோதும். உங்கள் மகள் படுத்திருப்பதும் அந்தப் பின்பக்கம்தான். நாங்கள் பெரும்பாலும் இரவெல்லாம் திறந்திருக்கும் பெரிய பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கிற சாப்பாட்டுக் கடை, கோயில் வாகன நிறுத்தம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பிடிப்போம். டீசல் போட்டுவிட்டு, "அண்ணே, ராத்திரி குடும்பத்தோட இங்கேயே நிறுத்திக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து விளக்கடியில் அவர்களே இடம் காட்டுவார்கள். மாலை ஐந்துக்குள் இடம் பிடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு தேடினால் கிடைத்த இடத்தில் நிறுத்தத் தோன்றும். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள்.

தென்னை மரத்தடி வேண்டாம். மலையடிவார ஓடைப் படுகை எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் வேண்டாம். கோடை மழை மேலே மலையில் கொட்டும், நீங்கள் நிற்கிற இடத்தில் நட்சத்திரம் தெரியும், காட்டாறு மட்டும் வந்துவிடும்.

இனி திருடன். இரவில் யாராவது தட்டினால் பக்கவாட்டுக் கதவைத் திறக்காதீர்கள், ஜன்னலை விரலளவு இறக்கிப் பேசுங்கள். எங்கள் கதவைத் தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ரோந்துப் போலீஸ்காரர்கள். அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறோம் என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். ஒரு ஊரில் அவர்களே, "இங்க குடிக்க வருவாங்க, ஸ்டேஷன் வாசல்ல வந்து நிறுத்துங்க சார்" என்று கூட்டிப் போனார்கள். வண்டியின் முகம் எப்போதும் வெளியேறும் பக்கம் பார்த்திருக்கட்டும். படுக்கைக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு பையும் இருக்கக் கூடாது. சாவிக்கு ஒரே இடம்தான், தூக்கத்தில் கை நீட்டினாலும் அது அங்கே இருக்க வேண்டும். மனசுக்குச் சரியில்லை என்று உங்கள் மனைவி சொன்னால் காரணம் கேட்காமல் கிளம்புங்கள். நிறுத்தியதும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனாலோ விபத்து என்றாலோ 1033. கூப்பிட்டதும் முதலில் கேட்பது எந்த இடம் என்பதுதான். அந்தக் கல்லின் எண் அப்போது உதவும்.

யானை விஷயத்தில் உள்ளூர்க்காரர்கள் சொல்வதுதான் சட்டம். காட்டுக்குள் நிறுத்தித் தங்க அனுமதியே கிடையாது, எஸ்டேட் பகுதியிலும் ஒரு வீட்டின் காம்பவுண்டுக்குள் மட்டுமே நில்லுங்கள். வால்பாறைப் பக்கம் யானைகள் அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையே இடித்திருக்கின்றன, வேன் கதவு எந்த மூலைக்கு? பலாப்பழம், வாழைத்தார், உப்பு மூட்டை எதுவும் வண்டியில் இரவு தங்க வேண்டாம். வால்பாறையில் யானை நடமாட்டம் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளை ஆங்காங்கே வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் மேலே போகாதீர்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் வீட்டு வாசலிலேயே மூன்று பேரும் ஒரு இரவு வண்டியில் தூங்கிப் பாருங்கள். நாங்கள் திண்டுக்கல்லில் மாமியார் வீட்டு வாசலில் அப்படித் தூங்கினோம். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து பக்கவாட்டுக் கதவை உள்ளிருந்து இழுத்தால் திறக்கவே இல்லை. பழைய சொந்தக்காரர் சைல்டு லாக்கைப் போட்டபடியே விற்றிருந்தார். கதவின் விளிம்பில் ஒரு சின்னக் கொக்கி, கீழே தள்ளினால் சரியாகிவிடும். உங்கள் வண்டியிலும் இன்றைக்கே அதைப் பாருங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் கதவை உங்கள் மகள் தனியாகத் திறந்து இறங்கும் வரை இரண்டு மூன்று தடவை பழக்குங்கள்.