பவுலிங் ஸ்குவாட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒரு வருடமாக, பந்தை உருட்டிப் பத்து பின்களை வீழ்த்தும் டென்பின் பவுலிங் போட்டிகளில் ஆடுகிறாள். பயிற்சி ஸ்குவாட் ஒன்றில் சேர அழைத்திருக்கிறார்கள். நாங்களே லேன் (பந்து உருளும் பாதை) எடுத்து ஆடும் செலவைப் போல இரண்டு மடங்கு மாதக் கட்டணம். சேரும்போதே மூன்று பந்துகள் கொண்ட செட் வாங்க வேண்டுமாம். இது நியாயமா?

பதில்: இரண்டு மடங்கு கட்டணம் நியாயமாக இருக்கலாம். எனக்கு உறுத்துவது அந்த மூன்று பந்துகள்தான்.

முதலில் கட்டணம். லேன் வாடகை, பயிற்சியாளரின் நேரம், போட்டி ஆயில் (போட்டிகளில் லேன் மேல் பூசும் எண்ணெய்) ஆகிய மூன்றும் இதில் அடங்கும். பொழுதுபோக்குக்கு வருபவர்களுக்காகப் போடும் ஆயில் லேனின் நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். குறி சற்றுத் தப்பினாலும் பந்து பின்களை நோக்கித் திரும்பிவிடும். போட்டி ஆயில் அப்படிக் கைகொடுக்காது. அதில் பழகாத பிள்ளைகள் போட்டி அன்று திணறுவார்கள். அதனால் எந்த பேட்டர்ன், அதாவது ஆயில் பூசும் அமைப்பு, எத்தனை அடி நீளம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சாதாரண ஆயிலுக்குத்தான் கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு லேனில் எத்தனை பேர்? ஒருவர் ஒரு ஆட்டம் முடிக்க ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் லேனுக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 6 ஆட்டம் கிடைக்கும். ஆறு பேரை நிறுத்தினால் இரண்டே ஆட்டம். லேன் வாடகை அதேதான், வசூல் மட்டும் மூன்று மடங்கு. உங்கள் மகள் மீதி நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் போய் அவள் எத்தனை பந்து வீசுகிறாள் என்று எண்ணுங்கள். பயிற்சியாளர் எத்தனை வீச்சுகளைப் பார்த்துத் திருத்துகிறார் என்றும் கவனியுங்கள்.

இந்த விவரங்களைப் பெற்றோர் துப்பறிந்து தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதே கொடுமை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பவுலிங் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதோடு சரி, பதக்க விளையாட்டாக ஆகவே இல்லை. அதனால் பெரும்பாலும் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அப்படியிருக்க, கட்டணம் எதற்கெல்லாம் போகிறது என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுக்கச் சங்கங்களுக்கு என்ன கஷ்டம்? பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பந்துகள். பயிற்சியாளரே பந்தும் விற்றால், அல்லது ஒரே கடையைக் கைகாட்டினால், உஷாராகிவிடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் கமிஷன் வாங்கிய பயிற்சியாளர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வீச்சு சரியில்லாதபோதும் "பந்தை மாற்றுங்கள்" என்பார்கள். இந்த வயதில் இரண்டு போதும்: ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் விழாமல் நிற்கும் பின்களை இரண்டாவது வீச்சில் வீழ்த்த, நேராகப் போகும் பாலியெஸ்டர் பந்து ஒன்று, வளைந்து போகும் ரியாக்டிவ் பந்து ஒன்று.

ஆனால் ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 14 வயதில் கை இன்னும் வளரலாம். கட்டைவிரல் ஓட்டைக்கும் மற்ற இரண்டு ஓட்டைகளுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது ஸ்பேன், கைக்குப் பொருந்தாமல் போனால் பந்தை இறுக்கிப் பிடிக்கத் தொடங்குவாள். கட்டைவிரல் தோல் உரியும், மணிக்கட்டு வலிக்கும், வீச்சே கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பந்தில் ஓட்டை போடும் ட்ரில்லரிடம் கையை அளக்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் பழைய ஓட்டையை அடைத்து மறுபடி துளைத்தாலே போதும், புதுப் பந்து தேவையில்லை. பலம் கூடி இன்னும் எடையான பந்து வீச முடியும்போது புதிது வாங்கத்தான் வேண்டும், இருக்கிற பந்தின் எடையைக் கூட்ட முடியாதே. இன்று மூன்று வாங்கினால் அன்று மூன்றையும் மாற்ற வேண்டிவரும். செட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"ஸ்குவாட்டில் இருந்தால்தான் அணித் தேர்வு" என்று அவசரப்படுத்தினால், தேர்வு விதியை எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், இருக்கிற பந்தோடு அனுப்புங்கள். பந்து வாங்காவிட்டால் சேர்க்க மாட்டோம் என்றால் வேறு ஸ்குவாட் பாருங்கள். கிடைக்காவிட்டால், நீங்களே லேன் எடுத்து மாதம் இரண்டு முறை சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் ஒருவரைத் தனியாக வரவழையுங்கள்.