மெய்ன் வாக்குச்சீட்டில் ஏன் இரண்டு விதமான வாக்களிப்பு முறைகள்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வேட்பாளர்களை விருப்பப்படி 1, 2, 3 என வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள், ஆளுநர் பதவிக்கு ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே வட்டம்தான் இருக்கிறது, தவறான சீட்டோ என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நவம்பர் சீட்டு அப்படித்தான் இருக்கும்.

இப்படி வரிசைப்படுத்துவதுதான் தரவரிசை முறை: யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2016 மக்கள் வாக்கெடுப்பில் இந்த முறையை ஆளுநர் பதவிக்கும் சேர்த்துத்தான் ஏற்றார்கள். ஆனால் ஆளுநர் போன்ற மாநிலப் பதவிகளுக்கு, பாதியைத் தாண்டாவிட்டாலும் மற்றவர்களைவிட அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்கிறது மாநில அரசியலமைப்பு. 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. அதனால் பொதுத்தேர்தலில் மத்தியப் பதவிகளுக்கு மட்டும் அந்த முறை நின்றது. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் உட்கட்சித் தேர்தலில் ஆளுநர் வேட்பாளர்களையும் வரிசைப்படுத்தலாம்.

அப்புறம், முதல் விருப்பத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 2018இல் மெய்னின் இரண்டாம் காங்கிரஸ் தொகுதியில் முதல் சுற்றில் முந்தியவர் புரூஸ் போலிக்வின். அடுத்த விருப்பங்களையும் எண்ணியபோது ஜாரெட் கோல்டன் வென்றார்.