கொப்பியில் இல்லாத ஒரு பெயர்

கேள்வி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் தொடர்மாடி வீடு. கணவர், 12 வயது மகள், நான். கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். போன வருடம் பங்குனியில் காலமானார்.

எங்கள் சொந்த வீடு நல்லூருக்குக் கிட்ட. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். எனக்கு அப்போது 13 வயது. அப்பா சைக்கிளில் அரிசியையும் உடுப்பையும் கட்டினார். படங்கள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. திரும்பிப் போனபோது அந்த அலுமாரியும் இல்லை. என் அம்மம்மாவின் முகத்தை மகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு படமும் கிடையாது.

அதனாலோ என்னவோ, கொழும்புக்கு வந்த பிறகு அம்மா ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், இறந்தவர் என்றால் திதி, இருப்பவர் என்றால் பிறந்தநாள், கடைசியில் அவருக்குப் பிடித்த ஒன்று. அப்பாவின் வரி இப்படி இருக்கும்: "இவர். வைகாசி, அபரபக்க ஏகாதசி. பனங்கட்டியும் வெறும் தேத்தண்ணியும்." மாமாவின் வரி: "பெரியண்ணை. ஆவணி, பூர்வபக்க சப்தமி. பயற்றம் பணியாரம்." எண்ணிப் பார்த்தேன், 31 பேர். அந்த அந்த நாளில் அந்த அந்தப் பண்டத்தைச் செய்து யாருக்காவது கொடுப்பார். ஸ்கூல் வான் சாரதி, வாசல் காவலாளி, மரக்கறி விற்பவர் என்று யார் அகப்பட்டாலும் சரி. யாருடைய நினைவாக என்று சொல்ல மாட்டார். வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது.

கீழ்மாடியில் ஒரு சிங்கள ஆன்ட்டி இருக்கிறார். அவருடைய ஒரே மகன் இளம் வயதில் இறந்தவர். அவரும் கொப்பியில் இருக்கிறார்: "கீழ் வீட்டுப் பிள்ளை. செப்டெம்பர் 9. மோதகம்." ஒவ்வொரு வருடமும் ஒரு தட்டு கீழே போகும். அம்மாவும் ஆன்ட்டியும் பின்னேரங்களில் ரயில் பாதை ஓரமாகக் கடற்கரைக்கு நடப்பார்கள். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, ஆன்ட்டிக்குத் தமிழ் அதிலும் குறைவு. என்னதான் கதைத்தார்களோ, இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள்.

அம்மா இருந்தபோது எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. வேலைக்கு ஓடுகிற நேரத்தில் குசினி முழுக்க வறுத்த பயற்றம் மா. "ஏனம்மா இந்த வேலை, கடையில் வாங்கலாமே" என்று சத்தம் போட்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மேசையைத் துடைப்பார்.

இந்தப் பங்குனியில் ஆட்டத்திவசம் செய்தோம். ஐயர் வந்தார், அண்ணா கனடாவிலிருந்தும் அக்கா லண்டனிலிருந்தும் வீடியோவில் பார்த்தார்கள். அன்று பின்னேரம் கீழ் வீட்டு ஆன்ட்டி படியேறி வந்து, பேப்பர் சுருளில் கச்சான் கொஞ்சம் என் கையில் வைத்துவிட்டுக் கதைக்காமல் போனார். மகளுக்காக்கும் என்று பிரிட்ஜுக்கு மேல் வைத்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

அதன் பிறகு கொப்பியைத் திறக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் வெள்ளவத்தைச் சந்தையில் காத்தோட்டிக்காயைக் குவித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும்தான் அப்பாவின் ஞாபகம் வந்தது. விரல் விட்டு எண்ணினேன். வைகாசி ஏகாதசி போய் இரண்டு மாதம். சந்தை நடுவில் அழுதுவிட்டேன். அண்ணாவிடம் சொன்னேன். "அதெல்லாம் அம்மாவோடு போகட்டும், நீ உன் வேலையைப் பார்" என்றார்.

போன கிழமை மகள் கொப்பியை எடுத்து, அம்மம்மாவின் பெயரையும் எழுதுவோம் என்றாள். பெயரை எழுதினாள். திதியை எழுதினாள். "அம்மம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அண்ணாவைக் கேட்டேன், "அம்மா எல்லாம் சாப்பிடுவாவே" என்றார். அக்கா, "புட்டோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். 31 பேருக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று பெற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை. இரவில் நித்திரை இல்லை. நான் எப்படிப்பட்ட மகள்? இந்தக் கொப்பியை நான் தொடர வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம், அப்பாவின் திதி தவறியதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைத்தேன். இரண்டாம் தரம்தான் மகள் பேனையோடு காத்திருந்த அந்த நிமிடத்தின் கனம் விளங்கியது. இரண்டில் திதி எளிது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

நடந்த ஒன்றை நினைவில் வைத்திருப்பது வேறு, இனிச் செய்ய வேண்டியதை உரிய நாளில் நினைப்பது வேறு. பின்னையது பாசத்தை நம்பி வேலை செய்வதில்லை. கண்ணில் படும் ஓர் அடையாளத்தை நம்பியே வேலை செய்கிறது. அம்மா பஞ்சாங்கம் பார்த்து நாளைத் தொடங்கியவராக இருப்பார். நீங்கள் ஆங்கிலத் திகதியில் மாதக் கணக்கு முடிக்கிறவர். திதியோ நிலவைப் பிடித்து நடக்கிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்தான். அதனால் ஒரே திதி ஒரு வருடம் 10, 11 நாள் முந்தி வரும், இன்னொரு வருடம் 18, 19 நாள் பிந்தி வரும். கைபேசியில் "வருடாவருடம்" என்று போட்டு வைத்தாலும் பிடிபடாது. சந்தையில் காத்தோட்டிக்காயைக் கண்ட அடுத்த கணமே அப்பா உங்களிடம் வந்துவிட்டார், பார்த்தீர்களா? அடையாளம் கிடைத்ததும் நினைவு வந்தது. மறந்த மகள் சந்தை நடுவில் நின்று விரல் விட்டு எண்ண மாட்டாள்.

இன்னொன்று. புரட்டாதியில் மகாளய பட்சம் வருகிறது. திதி தெரியாதவர்களுக்கும் திதி தவறியவர்களுக்கும் சேர்த்தே அந்த நாட்களை நம் முன்னோர் வைத்தார்கள். பிள்ளைகள் மறப்பார்கள், யுத்தமும் இடப்பெயர்வும் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு அன்று ஒரு தேத்தண்ணி ஊற்றுங்கள். பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு நீங்களும் குடியுங்கள். வாசனை மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேராகப் போய்ச் சேர்கிறது. அந்த மணத்தில் அப்பாவின் குரல் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அண்ணா சொன்னதைக் கோபத்தோடு எடுக்க வேண்டாம். இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல மெல்லக் கழற்றி எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று உளவியலும் நெடுங்காலம் சொன்னது. 1917இல் அப்படி எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட். 1920இல் அவருடைய மகள் சோபி காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு அவர் எழுதிய ஆறுதல் கடிதத்தில், என் மகள் இருந்திருந்தால் இன்று அவளுக்கு 36 வயது என்று குறிப்பிட்டார். அந்த வெற்றிடம் நிரம்பாது, அப்படி இருப்பதே சரி என்றும் எழுதினார். கழற்றி எடுக்கச் சொன்னவரே மகளின் பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருந்தார். அதையும் இன்னொருவரின் பிள்ளைக்காக எழுதும்போது சொன்னார். உங்கள் அம்மா கீழ் வீட்டுக்கு மோதகம் கொண்டுபோனதும் இதே காரியம்தான். 1990களில் ஆய்வாளர்கள் இதற்குத் "தொடரும் பிணைப்பு" என்று பெயர் வைத்தார்கள். இறந்தவரோடு உறவு அறுவதில்லை, உருவம் மாறித் தொடர்கிறது, அது நோய் இல்லை என்றார்கள். திவசம் செய்கிற வீடுகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

குசினியில் சத்தம் போட்டது உங்களை உறுத்துகிறது. உறுத்தட்டும், அதில் தவறு இல்லை. ஆனால் அம்மா மேசையைத் துடைத்ததை மன வருத்தம் என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். வேலைக்கு ஓடும் மகளுக்கு இடம் விட்டதாகவும் இருக்கலாம். நானும் என் அம்மாவோடு இப்படிச் சண்டை பிடித்தவள்தான். அவரோடு மட்டும்தான் அவ்வளவு சத்தமாகக் கதைக்க எனக்குத் துணிவு இருந்தது.

இனி 31 பேர். அத்தனை பேரையும் நீங்கள் சுமக்க வேண்டாம். அம்மா அந்தக் கொப்பியை 25 வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வரியாக நிரப்பியிருப்பார். ஒரே நாளில் 31 பேரோடு தொடங்கவில்லை. நீங்கள் நன்றாக அறிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாமாவின் வரியை அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம், அம்மாவின் கையெழுத்து போதும். உங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அவருக்கு முதல் நாள் பின்னேரமோ இரவோ, வீட்டில் ஆறுதலாக இருக்கும் நேரம். அவர் பயற்றம் பணியாரம் சுட மாட்டார். வேலைத்தலத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தாலும் மாமாவின் நாள் கழிந்துவிடும். அக்காவுக்கும் இரண்டு வரி. உங்களில் யாருக்கும் தெரியாத பெயர்களைக் கொப்பியிலேயே விட்டுவிடுங்கள். அம்மா அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்.

நித்திரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன கிழமையிலிருந்துதான் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு வருடம் தாண்டியும் அநேகமாக ஒவ்வொரு நாளும் துக்கம் ஆளை முடக்கிப்போட்டு, வேலையும் சாப்பாடும் பிள்ளையும் கை நழுவுவதாகத் தெரிந்தால் நேரில் ஒருவரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் கதைக்கலாம். சந்தையில் அழுததை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். மற்றவர்களின் விருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் விருப்பம் பிள்ளைகளின் கண்ணில் படாமல் போவது நான் அடிக்கடி கேட்கிற கதை. வீட்டுக்குள் அம்மா அம்மாவாகவே இருந்தார். நல்லூரில் கொடியேறி 25 நாளும் கோயில் வீதியில் கச்சான் கடைகளைச் சுற்றித் திரிந்த ஒரு சின்னப் பெண்ணும் அவருக்குள் இருந்திருப்பாள். அவள் வெளியே வரக்கூடிய இடம் என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பின்னேரக் கடற்கரை, கூடவே பாஷை சரியாகத் தெரியாத ஒரு சிநேகிதி.

அந்தப் பேப்பர் சுருளை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்திவச நாளில், மகனை இழந்த ஒரு தாய் படியேறி வந்து உங்கள் கையில் கச்சான் வைக்கிறார். பிள்ளைக்கு என்றால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்திருப்பார். உங்கள் அம்மா ஆன்ட்டியின் மகனுக்கு வருடாவருடம் செய்ததை ஆன்ட்டி உங்கள் அம்மாவுக்குச் செய்தாரோ என்று நினைக்கிறேன். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பாள்தானே, அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் கடற்கரையில் என்ன வாங்குவீர்கள், என்ன கதைப்பீர்கள், எதற்குச் சிரிப்பீர்கள் என்று அவளே கேட்கட்டும். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வயதுக்காரர் யாராவது இருந்தால் அவர்களையும் கேளுங்கள். வரும் பதில் கச்சானாகவும் இருக்கலாம், நாங்கள் யோசிக்காத வேறொன்றாகவும் இருக்கலாம். மகள் எழுதிய வரியில் அந்த இடம் அதுவரை வெறுமையாக இருக்கட்டும்.

செப்டெம்பர் 9 கிட்ட வருகிறது. மோதகம் அவிக்க வராவிட்டால் கடையில் வாங்குங்கள், அம்மா கோபிக்க மாட்டார். பின்னேரம் ஐந்தரைக்குக் கீழே இறங்கினால், ஆன்ட்டி நடக்கப் புறப்படுகிற நேரமாக இருக்கும்.

அன்புடன்,
ஆலோசகர்