கணக்குப் பதிவு போடுவதோடு நின்றுவிடாதீர்கள்

வணக்கம். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு உதவியாளராக இருந்தும், உங்களுக்குப் பின் சேர்ந்தவருக்கு மேற்பார்வையாளர் பதவி போய்விட்டதாக எழுதியிருந்தீர்கள். டேலி கணக்கு மென்பொருளில் பிழையின்றிப் பதிவு போடும் திறமை மட்டும் இருந்தால் அதே நாற்காலியில்தான் இருப்போம். நானும் ஒன்பது ஆண்டுகள் அப்படி இருந்தவன்தான்.

மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு, வியாபாரிகள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை 14ஆம் தேதி வந்துவிடும். வரி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் தாக்கலுக்கு 20ஆம் தேதி கெடு. அந்த இடைவெளியில் கொள்முதல் பதிவேட்டை 2பியோடு ஒப்பிட்டு, எந்த நூல் வியாபாரியின், எந்தச் சாயப்பட்டறையின் பில் ஏறவில்லை, அதனால் எவ்வளவு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) நிற்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, மேலாளர் கேட்பதற்கு முன்பே அவர் மேசையில் வையுங்கள். பில் ஏற்றாத வியாபாரியை நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். கூச்சம் அங்கேதான் விலகும்.

தவறு நேர்ந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு பில்லை இருமுறை பதிந்துவிட்டு மாத இறுதிவரை நான் மறைத்தேன். கடைசியில் தணிக்கையாளர்தான் கண்டுபிடித்தார், அதன்பின் ஓராண்டுக்கு என் கணக்கை யாரும் நம்பவில்லை.

இப்படி மூன்று மாதம் செய்த பிறகு பதவியைப் பற்றி மேலாளரிடம் நேரில் கேளுங்கள்; வாட்ஸ்அப்பில் வேண்டாம்.