ஆட்டோகேட் நன்றாக வரும், விமான அணுகல் பாதை வடிவமைக்கும் மென்பொருளில் உட்கார்ந்தால் வேலை ஓடிவிடுமா?

கேட்டவர் சிவில் படித்தவர், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நாலு வருஷம் கை பழகியவர், இப்போது விமான நடைமுறை வடிவமைப்புப் பயிற்சிக்கு, அதாவது விமானங்கள் இறங்கும், ஏறும் பாதைகளை வரையும் வேலைக்கான பயிற்சிக்குப் போகப் போகிறார். மென்பொருளில் உள்ள மேப், வரைகருவிகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நானும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் இந்த வேலைக்குள் வந்தேன், அதனால் நேராகவே சொல்கிறேன். கோடு போடுவது, ஆஃப்செட் எடுப்பது (குறிப்பிட்ட தூரம் தள்ளி இணைகோடு போடுவது), ட்ரிம் செய்வது, லேயர் பிரிப்பது எல்லாம் அப்படியே உதவும். ஆனால் ஆட்டோகேட் ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக் கொடுத்திருக்கும்: பூமி தட்டை, வடக்கு என்றால் திரையில் மேல் பக்கம், இசட் என்றால் உயரம், அவ்வளவுதான் என்று. முதல் ஒரு மாதம் நான் அதை மறக்கத்தான் செலவழித்தேன்.

என் கதையைச் சொன்னால் புரியும். பயிற்சியில் மதுரை விமான நிலையத்தின் 09 ஓடுபாதைக்கு, அதாவது மேற்கிலிருந்து வந்து இறங்க, ஒரு ஆர்என்பி அணுகல், அதாவது செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் பாதை, வரையச் சொன்னார்கள். யூடிஎம் என்பது பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் மேப் முறை; அதன் 44-ஆவது மண்டலத்தில் டிராயிங்கைத் திறந்தேன், ஓடுபாதையின் இரண்டு முனைகளின் அட்ச தீர்க்க ரேகைகளை வைத்து மெய்வடக்கிலிருந்து திசைக்கோணம் கணக்கிட்டேன், அதே கோணத்தை டைப் செய்து ஓடுபாதை முனையிலிருந்து மேற்கே பத்து கடல் மைலுக்கு நேர்கோடு இழுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. எங்கள் சீனியர் அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுவிட்டு, "என்னப்பா, உன் விமானம் ஓடுபாதைக்கு வராம பக்கத்து வயலுக்குப் போகுது?" என்றார். கோடு ஓடுபாதையின் நீட்சியில் இல்லை. பத்தாவது மைலில் சுமார் 160 மீட்டர் விலகியிருந்தது.

காரணம் இதுதான். 44-ஆவது மண்டலத்தின் நடுக்கோடு 81 டிகிரி கிழக்கு. மதுரை விமான நிலையம் இருப்பது சுமார் 78.09 டிகிரியில், மண்டலத்தின் மேற்கு ஓரத்தில். அங்கே மேப்பின் கட்டவடக்குக்கும் (மேப்பின் கட்டக் கோடுகள் காட்டும் வடக்கு) மெய்வடக்குக்கும் (வட துருவத்தை நோக்கிய வடக்கு) கிட்டத்தட்ட அரை டிகிரி வித்தியாசம். நான் கணக்கிட்டது மெய்வடக்கிலிருந்து, வரைந்தது கட்டவடக்கிலிருந்து. அரை டிகிரி என்றால் திரையில் கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. இன்னொன்றும் உண்டு. ஓடுபாதையிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் போனாலே 78 டிகிரியைத் தாண்டி 43-ஆவது மண்டலத்துக்குள் போய்விடுவோம். இறுதி அணுகல் தொடங்கும் புள்ளி வழக்கமாக ஓடுபாதையிலிருந்து ஐந்து கடல் மைல், சுமார் 9.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆக அதற்கு முந்தைய புள்ளிகள் எல்லாம் பக்கத்து மண்டலத்தில். இரண்டு மண்டல மேப் ஷீட்டுகளை அப்படியே ஒரே டிராயிங்கில் போட்டால் ஒன்று இன்னொன்றிலிருந்து 650 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். அது பரவாயில்லை, யாருக்கும் தெரிந்துவிடும். தெரியாத தப்புதான் வேலைக்கு உலை வைக்கும்.

அதனால் இப்போது நான் செய்வது: விமான நிலையத்தின் இடத்தைக் குறிக்கும் மேற்கோள் புள்ளியையே நடுவாக வைத்து ஒரு தனி புரொஜெக்ஷன் (உருண்டையான பூமியைத் தட்டை மேப்பாக்கும் முறை) அமைத்துக்கொள்வேன், நடு தீர்க்க ரேகை நிலையத்தின் வழியாகவே போகும்படி. கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளில் இரண்டு நிமிட வேலை. அப்படியும் வேபாயிண்ட் (பாதையில் விமானம் கடக்க வேண்டிய புள்ளி) எதையும் திரையில் கிளிக் செய்து எடுப்பதில்லை. ஓடுபாதை முனையிலிருந்து தூரமும் கோணமும் கொடுத்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி வடிவமான டபிள்யூஜிஎஸ்-84 நீள்வட்டத்தின் மேல், வின்சென்டி சூத்திரம் மாதிரி ஒன்றால் ஆயத்தொலைவைக் கணக்கிட்டு, அந்த எண்ணை டிராயிங்குக்குள் கொண்டுவர வேண்டும். எண்ணிலிருந்து படம் வர வேண்டும், படத்திலிருந்து எண் வரக் கூடாது.

அடுத்தது உயரம். நம்மூர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பூமியிலேயே ஜியாய்டு (ஈர்ப்பு விசை தீர்மானிக்கும் கடல் மட்டப் பரப்பு) மிக ஆழமாக இறங்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் தமிழ்நாடு. ஜிபிஎஸ் தரும் நீள்வட்ட உயரத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எண்ணும் உயரத்துக்கும் இங்கே சுமார் 90 மீட்டர் வித்தியாசம், அதுவும் தப்பான பக்கம். கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரமுள்ள ஒரு செல்போன் டவர் உச்சியை ஜிபிஎஸ் வெறும் 60 மீட்டர் என்று காட்டும். துல்லிய வழிகாட்டல் இல்லாத இறுதி அணுகலில் தடைக்கு மேல் விட வேண்டிய இடைவெளியே 75 மீட்டர்தான். சர்வே ஃபைல் ஒன்று வந்தால், எந்த உயரம் என்று தலைப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் இம்போர்ட் பட்டனைத் தொடாதீர்கள். அடியா மீட்டரா என்பதும் அப்படியே. விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் தரைமாதிரியை எடுத்தால் அது கடல் மட்டக் கணக்கில்தான் வரும், ஆனால் அது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுத்தது, அதற்கப்புறம் முளைத்த டவர் எதுவும் அதில் இருக்காது, மரங்களின் உயரமும் முழுசாக வராது. அதற்குத் தனியாகக் கூட்ட வேண்டும்.

சரி, வரைகருவிகளுக்கு வருவோம். பாதையின் இரு பக்கமும் தடைகளைச் சரிபார்க்கும் பாதுகாப்புப் பரப்பு வரைவது ஆஃப்செட் வேலைதான். ஆர்என்பி இறுதி அணுகலில் மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 0.95 கடல் மைல், இறுதி அணுகல் புள்ளியில் 1.45, அதற்கு முந்தைய இடைநிலைப் புள்ளியில் 2.5. இதில் உட்பாதி முதன்மைப் பரப்பு, வெளிப்பாதி இரண்டாம் பரப்பு. முதன்மையில் முழு இடைவெளி விட வேண்டும், இரண்டாம் பரப்பில் அது சீராகக் குறைந்து வெளிவிளிம்பில் பூஜ்யமாகும். அதனால் இரண்டாம் பரப்பின் சரிபாதியில் இருக்கும் டவருக்கு 75 அல்ல, 37.5 மீட்டர் போதும். இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள அந்த உள்கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் விமானம் இறங்கலாமா திரும்பலாமா என்ற உயரமே முடிவாகிறது.

ஸ்நாப் (பக்கத்திலுள்ள புள்ளியைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) வைத்து வரைகிறீர்களா? முப்பரிமாணத் தரைமாதிரி திறந்திருக்கும்போது ஸ்நாப் மலை உச்சியின் இசட் மதிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உங்கள் கோடு சாய்ந்துவிடும், தூரம் சாய்வுத் தூரமாக வரும். ஆட்டோகேடில் ஓஸ்நேப்-இசட் என்ற அமைப்பை 1 என்று வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வளைவுகளில் இன்னொரு வம்பு இருக்கிறது. கியூஜிஐஎஸ் மாதிரி ஜிஐஎஸ் (மேப்) மென்பொருளில் வட்டம் என்பது வட்டமல்ல, பல கோண உருவம். கியூஜிஐஎஸ்ஸில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போடும் பஃபர் கருவியில் எதையும் மாற்றாமல் விட்டால் கால் வட்டத்துக்கு ஐந்து துண்டுதான் போடும். குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்கான வட்டம் 25 கடல் மைல், அதாவது 46 கிலோமீட்டர் ஆரம். ஐந்து துண்டில் போட்டால் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கோடு உண்மையான வட்டத்திலிருந்து 570 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். இதற்கு வெளியே இன்னும் 5 கடல் மைல் விளிம்பும் உண்டு, அதிலும் இதே கதை. ஒரு மலை வட்டத்தின் நடுவாக்கில் இருந்தால் அது எப்படியும் கணக்கில் வந்துவிடும். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஒரு குன்று, உள்ளே இருந்தும் வெளியே இருப்பதாக வடிகட்டப்பட்டுவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். நான் துண்டு எண்ணிக்கையை 90 என்று வைத்து, அதற்கும் மேல் ஆரத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். தவறிய அணுகலில், அதாவது இறங்காமல் மறுபடி ஏறிப் போகையில், திரும்பும்போது வரையும் காற்றுச் சுருளுக்கும் (காற்று விமானத்தை எவ்வளவு தள்ளலாம் என்று காட்டும் சுருள் கோடு) இது பொருந்தும். ஆட்டோகேடில் சுத்தமான வளைவாக இருப்பது ஏற்றுமதியில் துண்டு துண்டாகிவிடும்.

பிஎச்எக்ஸ், எஃப்பிடேம், ஜியோடைட்டன் மாதிரி இதற்கென்றே உள்ள மென்பொருள்கள் இதில் பலவற்றைத் தானே பார்த்துக்கொள்கின்றன, வேகம், உயரம், சாய்வுக் கோணம் கொடுத்தால் பரப்பையே வரைந்து தந்துவிடும். பட்டனைத் தட்டிப் பழகிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதே மறந்துபோகும் என்பது என் குறை. எங்கள் அலுவலகத்தில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் மென்பொருளில் வரைந்ததை இன்னொருவர் வெறும் கேடிலும் கால்குலேட்டரிலும் திரும்பப் போட்டுப் பார்ப்பார், முதல் ஆளின் ஃபைலைத் திறக்காமல். எரிச்சலான வேலைதான். இரண்டு பேருக்கும் ஒரு மீட்டருக்குள் ஒத்து வரவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும்.

பயிற்சிக்குப் போகும் முன் ஒன்று செய்து பாருங்கள். மதுரை ஓடுபாதையின் இரு முனைகளையும் 43, 44 இரண்டு மண்டலங்களிலும் தனித்தனியாகப் போட்டு, ஓடுபாதையின் கோணத்தை கேடில் அளந்து பாருங்கள். ஒரே ஓடுபாதை, இரண்டு விடைக்கும் நடுவே ஒரு டிகிரி இருக்கும். அது எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள், முதல் நாளே யாராவது கேட்பார்கள்.